வலது வளைவில் சுத்துது, இடதில் தள்ளுது: எந்த ஸ்பிரிங் வாங்கறது?

கேள்வி – 2023 டிசம்பர் 17

"அண்ணா, டாமியா டிடி-02 ரிமோட் கார் வச்சிருக்கேன். ஆயில் ஷாக் போட்டாச்சு, ரப்பர் டயர், கிட்டோட வந்த 540 மோட்டார்தான். சிமெண்ட் தரையில ஓட்டறேன். வலது பக்கம் திருப்பினா பின்னாடி வீசி சுத்திடுது. இடது பக்கம் திருப்பினா திரும்பவே மாட்டேங்குது, நேரா போய் சுவத்துல முட்டுது. பின்னாடி இப்ப மஞ்சள் ஸ்பிரிங். சிவப்பு வாங்கறதா, நீலம் வாங்கறதா?" – ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி.

டிசம்பர் 17, இரவு

ரெண்டும் வேண்டாம் தம்பி. காசை எடுத்து உள்ளே வை.

பின் ஸ்பிரிங்கை இளக்கமா போட்டா பின்பக்கப் பிடி கூடும், கெட்டியா போட்டா குறையும். அது சரிதான். ஆனா கூடறதும் குறையறதும் வலது இடது ரெண்டுக்கும் ஒண்ணாத்தான் நடக்கும். இளக்கமானதைப் போட்டா வலதில் சுத்தறது கொஞ்சம் அடங்கும், இடதில் இன்னும் மோசமாத் தள்ளும், அதாவது திரும்பாம நேரா போகும். கெட்டியானதைப் போட்டா அப்படியே தலைகீழ். ஒரு பக்கம் ஒரு குணம், மறுபக்கம் வேற குணம்னு கார் இருந்தா ஸ்பிரிங் டப்பா பக்கமே போகாதே. எங்கேயோ வலதும் இடதும் ஒத்துப்போகலை.

எனக்கு முதல் சந்தேகம் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) முறுக்கு. கயித்துக் கட்டில்ல ஒரு கால் குட்டையா இருந்தா என்ன ஆகும்? எதிரெதிர் மூலையில இருக்கற ரெண்டு கால் மேல உட்கார்ந்துக்கிட்டு மத்த ரெண்டும் ஆடும். காரும் அப்படித்தான். நீ சொல்றதை வச்சுப் பார்த்தா உன் காரில் முன் வலது, பின் இடது ரெண்டும் தரையை அதிகமா அமுக்குது. இதுக்குப் பேர்தான் குறுக்கு எடை. வலது வளைவில் பாரம் இடது பக்கம் சாயும். ஏற்கனவே சுமந்துக்கிட்டிருக்கற பின் இடது டயர் தாங்காம வழுக்கும், கார் சுத்தும். இடது வளைவில் அதே கதி முன் வலது டயருக்கு. அதனால தள்ளும்.

பார்க்கறது சுலபம். காரை சமையல் மேடைக் கல்லுல வை. மேலே ரெண்டு தடவை அமுக்கி விடு. முன் பம்பருக்கு அடியில் நட்ட நடுவில் ஸ்க்ரூடிரைவரை வச்சு மெதுவா தூக்கு. ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் கல்லை விடணும். பின்னாடியும் அதே மாதிரி. முன்னாடி இடது முதலில் எழும்பி, பின்னாடி வலது முதலில் எழும்பினா முறுக்குதான். முன்னாடியும் பின்னாடியும் ஒரே பக்கம் முதலில் எழும்பினா அது முறுக்கு இல்லை, ஒரு பக்க எடை. அதுக்கு வைத்தியம் வேற.

டிசம்பர் 18, காலை

நேத்து எழுதினதில் ஒரு முட்டாள்தனம். சமையல் மேடைக் கல் வேண்டாம். காலையில் மேடையில் தண்ணி சிந்தினப்பதான் உறைச்சுது: அது தானா தொட்டிப் பக்கம் ஓடிச்சு. மேடையைப் பதிக்கும்போதே வாட்டம் வச்சுத்தான் பதிப்பாங்க. பழைய பீரோ கண்ணாடி ஒண்ணு கிடைச்சா எடு. மேசை மேல் படுக்க வச்சு மட்டம் பார். ரசமட்டம் இல்லைன்னா போனில் மட்டம் பார்க்கிற ஆப் போதும்.

வீட்டில் கேட்டாங்க, "அஞ்சு வருஷமா அந்தக் கல்லுல வச்சுத்தானே காரை சரி பண்ணிட்டு இருந்தீங்க?" ஆமா. பதில் சொல்லலை.

டிசம்பர் 18, இரவு

பெங்களூரில் இருக்கற மதுரைக்காரர் ஒருத்தர் ஒத்தை வரியில் கேட்டிருக்கார்: "ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் ஒரே அளவு திரும்புதான்னு பார்த்தீங்களா?"

பார்க்கச் சொல்லலை. நான் முதலில் கேட்டிருக்க வேண்டியதே அதுதான். வலது பக்கம் சக்கரம் அதிகமா திரும்பினா வலதில் சுத்தும், இடது பக்கம் கம்மியா திரும்பினா இடதில் தள்ளும். முறுக்கு, குறுக்கு எடைன்னு எந்தத் தத்துவமும் தேவையில்லை. பெரிய வியாதி தெரிஞ்ச டாக்டருக்கு சளி கண்ணுல படாது.

தம்பி, ஸ்டியரிங்கை முழுசா வலது பக்கம் பிடிச்சு, நடக்கற வேகத்தில் ஒரு வட்டம் போடு. சாக்பீஸால் குறிச்சு விட்டத்தை அள. பிறகு இடது. வந்து சொல்லு.

டிசம்பர் 20

தம்பி அளந்துட்டான். வலது வட்டம் 1.6 மீட்டர், இடது வட்டம் 2.1 மீட்டர். அரை மீட்டர் வித்தியாசம்! சர்வோவை (ஸ்டியரிங்கைத் திருப்பற குட்டி மோட்டார்) நடு நிலைக்கு கொண்டுவராமலே அதோட ஹார்னை (மேலே மாட்டற சின்னக் கை) மாட்டியிருக்கான், அப்புறம் ரிமோட்டில் டிரிம்மை (நேரா ஓட வைக்கிற சரிகட்டல்) ஒரு பக்கமா இழுத்து நேராக்கியிருக்கான். நேரா போகும், ஆனா இடது பக்கம் திரும்ப இடம் மிச்சம் இருக்காது. ஹார்னைக் கழட்டி, டிரிம்மை பூஜ்யத்தில் வச்சு, ரிமோட்டை ஆன் பண்ணினபடியே மறுபடி மாட்டு. பல் சரியா உட்காராம ஒரு மயிரிழை கோணலா நின்னா, மிச்சத்தை டை ராடின் (சக்கரத்தைத் திருப்பற கம்பி) நீளத்தில் சரிகட்டு. அதுக்கப்புறம் ரிமோட்டில் ரெண்டு பக்கத்து எல்லையையும் தனித்தனியா வச்சு வட்டத்தை சமமாக்கு.

கண்ணாடிச் சோதனையும் பண்ணியிருக்கான். முன்னும் பின்னும் ரெண்டு சக்கரமும் ஒண்ணா எழும்புதாம். அப்போ முறுக்கு இல்லை. என் முதல் சந்தேகம் குப்பை. (இந்த வரியை நினைவில் வச்சுக்கங்க, பின்னால் இதுக்காக திட்டு வாங்கறேன்.)

டிசம்பர் 22

"ஸ்டியரிங் சரி பண்ணிட்டேன், இப்போ பாதிதான் சுத்துது" என்கிறான். பாதி சுத்தறதுன்னா என்ன தம்பி, நூத்தி எண்பது டிகிரியா?

சரி, ஷாக் பக்கம் போகலாம். நாலு ஷாக்கையும் கழட்டி பக்கத்தில் பக்கத்தில் வை. முழுசா நீட்டின நிலையில் நீளம் ஒண்ணா இருக்கணும். கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கூட கணக்கில் சேரும். பிறகு கண்ணுக்கு நேரா ரெண்டு ரெண்டா பிடிச்சு, ஒரே நேரத்தில் அமுக்கி விட்டுப் பார். ஒண்ணு டக்குனு வெளியே வந்து, இன்னொண்ணு பாதியில் நின்னா உள்ளே காத்து இருக்கு, இல்லைன்னா எண்ணெய் கூடிப்போச்சு.

காத்தை எடுக்க அவசரமே கூடாது. எண்ணெயை விளிம்பு வரை ஊத்தி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் ஏத்தி இறக்கினா சின்னச் சின்ன குமிழா கிளம்பி வரும். அப்படியே நிமிர்த்தி வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வா. ரெண்டாவது தடவை அமுக்கும்போது பார், முதல் தடவை எதுவும் மிச்சமில்லைன்னு நினைச்ச இடத்திலிருந்து இன்னும் நாலு குமிழ் வரும்.

எண்ணெய் வாங்கும்போது நான் ஏமாந்த கதை. 35-ன்னு போட்ட பாட்டிலும் 350-ன்னு போட்ட பாட்டிலும் வாங்கினேன். பூஜ்யம்தான் வித்தியாசம், ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு பண்ணி முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ஊத்தினேன். ஒண்ணு வெயிட் கணக்கு, இன்னொண்ணு சென்டிஸ்டோக் கணக்கு, ரெண்டும் எண்ணெயின் கெட்டியைச் சொல்ற வேற வேற அலகு. 30 வெயிட் சுமார் 350 சென்டிஸ்டோக், 35 வெயிட் சுமார் 425, 40 வெயிட் சுமார் 500. ரெண்டு மாசம் "பின்பக்கம் ஏன் இப்படி சோம்பலா இருக்கு"ன்னு புலம்பிட்டு இருந்தேன். நாலுக்கும் ஒரே கம்பெனி, ஒரே கணக்கு எண்ணெய் வாங்குங்க.

டிசம்பர் 24, ஞாயிறு

மார்கழி வந்தாச்சு. எங்களுக்கு மார்கழியும் ஆடியும்தான் பந்தய சீசன். நாங்க ஓட்டறது ஒரு கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்துமிடத்தில். முகூர்த்தம் இல்லாத மாசத்தில்தான் ஞாயித்துக்கிழமை தரை நம்ம கைக்கு வரும். காலண்டர் பார்த்து ரேஸ் வைக்கிற ஒரே கோஷ்டி நாங்களாத்தான் இருப்போம்.

இன்னைக்கு நானே வலது வளைவில் சுத்தினேன். தொடர்ந்து மூணு தடவை, அதே இடம். தம்பிக்கு உபதேசம் பண்ணின வாய்! ஸ்டியரிங் பார்த்தேன், சரி. கண்ணாடி இல்லை, கார் டிக்கியில் இருந்த பிளைவுட் மேல் வச்சுத் தூக்கிப் பார்த்தேன், சரி. அப்புறம்தான் டயரைத் தடவினேன். விரலெல்லாம் வெள்ளை.

வாட்ச்மேன் வீட்டம்மா மார்கழிக்கு வாசலில் பெரிய கோலம் போடறாங்க. எங்க தடத்தின் கடைசி வலது வளைவு அதோட ஓரத்தைத் தொட்டுக்கிட்டுப் போகுது. கோலப்பொடி மேல் ஏறின டயருக்கு ஸ்பிரிங்காவது ரோல் சென்டராவது. கோலத்தைக் கூட்டச் சொல்ல யாருக்கும் மனசு வரலை. கோன்களை எடுத்து பத்தடி உள்ளே தள்ளி வச்சோம். ஒரு சுத்துக்கு 14.8 விநாடி ஆனது 14.3 ஆச்சு.

இதில் இன்னொரு பாடமும் இருக்கு, சொல்ல வெக்கமா இருக்கு. கோலத்தைக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி பின் டோ-இன்னை (சக்கரத்தின் முன்முனை உள்பக்கம் திரும்பியிருக்கற கோணம்) கூட்டி, முன் ஸ்டெபிலைசரை (சாய்வைக் குறைக்கிற கம்பி) கழட்டி, பின்னாடி கேம்பரை (சக்கரம் நிமிராம சாய்ஞ்சு நிக்கற கோணம்) ரெண்டு டிகிரி ஆக்கியிருந்தேன். வளைவை மாத்தினதும் கார் நல்லா ஓடிச்சு. எதனால் நல்லா ஓடிச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு நேரத்தில் ஒண்ணுதான் மாத்தணும்னு பத்து வருஷமா ஊருக்குச் சொல்றேன்.

டிசம்பர் 28

திருப்பூர் பங்காளி கொதிச்சுப் போயிருக்கார். சுருக்கம்: "ஷாக் நீளம், சர்வோ, முறுக்கு எல்லாம் கதை. டயர்தான் எல்லாம். அந்தப் பையன் என்ன டயர் போட்டிருக்கான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

பங்காளி, நீங்க எதைக் கேட்டாலும் டயர்னுதான் சொல்வீங்க. ரிமோட் பேட்டரி தீர்ந்துபோனப்ப கூட டயர்னு சொன்ன ஆள் நீங்க.

டிசம்பர் 31

மூணு நாள் யோசிச்சதில், பங்காளி முக்கால்வாசி சரி. தம்பியை டயர் போட்டோ அனுப்பச் சொன்னேன். நாலு டயரில் மூணு ஒரே ரகம், பின் இடது மட்டும் வேற! பழசு பிஞ்சு போச்சுன்னு நண்பனிடம் ஒண்ணு வாங்கி ஒட்டியிருக்கான். ரப்பரின் கடினம் வேற, உள்ளே இருக்கற ஸ்பாஞ்ச் வேற, விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூட. பின் இடது பெரிசா இருந்தா அந்த மூலை உயரும், பாரம் அங்கேயும் முன் வலதிலும் ஏறும். நான் முதல் நாள் சொன்ன அதே குறுக்கு எடை, டயர் வழியா.

ஆனா கண்ணாடிச் சோதனையில் ஏன் தெரியலை? ஒரு மில்லிமீட்டர் விட்டம்னா அச்சு உயரம் அரை மில்லிமீட்டர்தான். அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. நல்லா படிக்கிற பையன், அவன் கண்ணைக் குத்தம் சொல்லலை.

நம்ம சிமெண்ட் தரைக்கு 36 கடினம்னு போட்ட சோரெக்ஸ் கம்பெனி டயர் மாதிரியானது போதும். 24, 28 எல்லாம் குளிர் நாட்டுத் தரைக்கு. இங்க ரெண்டு பேட்டரி தீர ஓட்டற வரைக்கும் கூட தாங்காது, அழி ரப்பர் மாதிரி உதிர்ந்துடும். நாலும் ஒரே ரகம், ஒரே நாளில் ஒட்டினது, ஒரே அளவு தேய்ஞ்சது. வாரத்துக்கு ஒரு தடவை வலது இடது மாத்திப் போடு, நம்ம தடத்தில் எப்பவும் ஒரு பக்கம்தான் அதிகம் தேயும்.

பங்காளிக்கு: பிரியாணி என் கணக்கு.

2024 ஜனவரி 7, ஞாயிறு

எல்லாரும் உட்காருங்க.

தம்பி டயரையும் மாத்திட்டான். ஸ்டியரிங் சரி, ஷாக் சரி, எண்ணெய் சரி. இன்னமும் வலதில் கொஞ்சம் வீசுது. நேத்து ராத்திரி போன் பண்ணினான். பேசிக்கிட்டே கண்ணாடி மேல் காரை வச்சு முன்னாடி தூக்கியிருக்கான். "அண்ணா, இடது சக்கரம் முதல்ல எழும்புது! ஒரு நூல் இருக்கும்!" ஒரு நூல்னா மூணு மில்லிமீட்டர். டிசம்பரில் சமமா இருந்தது எப்படி மாறிச்சு? விழுந்ததா, முட்டினதா? இல்லை.

"அப்ப பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் பார்த்தேன். இப்ப மாட்டியிருக்கு."

ரெண்டு நிமிஷம் என்னால் பேச முடியலை.

அவன் வாங்கியிருக்கறது சதுர ஓரம் வச்ச கடின உறை லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. அவன் காரின் பேட்டரித் தட்டு உருண்டை ஓரம் வச்ச பழைய பேக்குக்கு வளைஞ்சு கொடுக்கிற வடிவம். லிப்போ அடியில் உட்காராம ரெண்டு ஓரத்தில் ஏறி நிக்குது. பையன் மேல் பிடிப்பானை அழுத்தி அழுத்தி மாட்டியிருக்கான். பிளாஸ்டிக் தொட்டி சேசிஸ், எவ்வளவுதான் தாங்கும்? பேட்டரி உள்ளே போனதும் முறுக்கிக்குது, வெளியே எடுத்ததும் சாதுவா நேராயிடுது.

டிசம்பர் 17-ல் நான் எழுதினதை மறுபடி படிச்சேன். கல் எங்கே, ஸ்க்ரூடிரைவர் எங்கே, எவ்வளவு மெதுவா, எல்லாம் எழுதியிருக்கேன். "பேட்டரியோட" என்கிற ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தெரியாத விஷயமா? நான் எப்பவும் ஓட்டற நிலையில்தான் வைப்பேன், பேட்டரி, மோட்டார், ரிசீவர், எடைக்கட்டி எல்லாத்தோடும். பழக்கமாயிட்ட ஒண்ணை எழுதணும்னு தோணலை. அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பையன் மூணு வாரமும், ரெண்டு பாட்டில் எண்ணெயும் செலவழிச்சிருக்கான்.

ஜனவரி 8

செய்ய வேண்டியது: லிப்போவில் கை வைக்காதே. உறையைத் தேய்க்கிற வேலையே வேண்டாம், அது நெருப்போட விளையாட்டு. தட்டைத்தான் அராவணும். அரைவட்ட அரம் எடு. தட்டின் உள் ஓர வளைவில் ஸ்கெட்ச் பேனாவால் கறுப்பு பூசு. பேட்டரியை லேசா வச்சு எடு. மை எங்கே பேட்டரியில் ஒட்டுதோ அங்கே மட்டும் நாலு இழுப்பு இழு. மறுபடி பூசு, மறுபடி வை. பல் கட்டறவங்க கடிச்சுப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லித் தேய்ப்பாங்களே, அதே வேலை. பேட்டரி தன் எடையிலேயே உள்ளே விழணும், தலைகீழா கவிழ்த்தா தானா வெளியே விழணும். பிடிப்பான் அதை ஆடாம வச்சா போதும், அமுக்கக் கூடாது.

கறுப்புத் தூள் ரொம்ப கொட்டும். மோட்டார்க்குள்ளே போகாம டேப் ஒட்டிட்டு செய்.

ஜனவரி 9

ஒருத்தர் கேட்டிருக்கார்: பின் வலது ஷாக்கில் ஒரு கிளிப் கூட போட்டு ஸ்பிரிங்கை அமுக்கினா அந்தக் குறுக்கு எடை சரியாயிடாதா, எதுக்கு அரம்?

ஆகும். பின் வலதைத் தூக்கினா முன் இடதும் சேர்ந்து பாரம் வாங்கும், கண்ணாடியில் சமமா எழும்பும். ஆனா அது கட்டில் காலுக்கு அட்டை மடிச்சு வைக்கிறது. பேட்டரியை ஒரு தடவை இறுக்கமாவும் ஒரு தடவை இளக்கமாவும் மாட்டினா கணக்கு மாறும். தினம் ஒரு அட்டை மடிக்கணும். காரணம் எதுன்னு தெரிஞ்சு, அதைத் திருத்த வழியே இல்லாதப்பதான் கிளிப்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

தம்பியிடமிருந்து 11 விநாடி வீடியோ. வலது, இடது, வலது. சுத்தலை. முட்டலை. கடைசியில் கேமரா பிடிச்ச தங்கச்சி "அண்ணா மாடு!" என்கிறாள், கார் ஒரு கன்னுக்குட்டியின் காலுக்கு நடுவில் போயிடுது. கன்னுக்குட்டி திரும்பிக்கூட பார்க்கலை.

பிப்ரவரி 4

தை பிறந்ததும் மண்டபம் போச்சு. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். மேசை வேலைதான் நடக்குது.

கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் காரின் அடிக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு உயரம்னு பார்க்க அலுமினியத் துண்டு கடைஞ்சு வாங்கினேன். 5, 5.5, 6, 6.5 மில்லிமீட்டர்னு படி படியா. பட்டறைக்காரர் "எந்த மெஷினுக்குங்க இது?" என்றார். பொம்மைக் கார்னு சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, துண்டின் ஓரத்தை சும்மாவே மழுக்கிக் கொடுத்தார், "பொம்மை கீறிடும்ல". கோயமுத்தூரில் இதுதான் வசதி. கடையில் கிடைக்காததை யாராவது கடைஞ்சு கொடுப்பாங்க.

சிமெண்டுக்கு எவ்வளவு உயரம்னு பலர் கேட்கறாங்க. கார்பெட்டில் 5 மில்லிமீட்டரில் ஓட்டலாம். நம்ம தரையில் பாளத்துக்கும் பாளத்துக்கும் நடுவில் இணைப்பு இருக்கு, அடி தட்டும். அடி தட்டற நொடியில் சக்கரத்தின் பாரம் சேசிஸுக்குப் போயிடும், அந்த நேரம் டயர் இருந்தும் இல்லாத மாதிரி. நான் முன்னாடி 6, பின்னாடி 6.5 வைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். மார்க் ரைன்ஹார்ட் ரிமோட் டூரிங் கார் பந்தயத்தில் 2004, 2008, 2010 மூணு தடவை உலக சாம்பியன், மூணும் டாமியா காரில். அந்தக் காலத்து ஜோரில் எங்கேயோ கிடைச்ச ஒரு ஐரோப்பிய கார்பெட் செட்டப் தாளை அச்சடிச்சு, எண்ணை எண்ணா அப்படியே என் காருக்கு வச்சேன். முதல் இணைப்பிலேயே கார் எகிறி ஒரு ஆக்டிவாவின் சக்கரத்தில் போய் நின்னுது. தாளில் தரை என்னன்னு போட்டிருக்கும் கட்டம்தான் முதல் கட்டம். நான் அதைத் தாண்டி ஸ்பிரிங் கட்டத்துக்குப் போயிருந்தேன்.

பிப்ரவரி 5

டோ பார்க்க கருவி இல்லைன்னு கேட்டவருக்கு: நூல். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே கார் பந்தயத் தடத்தில் ஒரு தடவை பிட் (வண்டியைச் சரி பண்ற இடம்) பக்கம் நின்னப்ப, நிஜக் காருக்கே ரெண்டு பக்கமும் நூல் கட்டி சக்கரத்துக்கும் நூலுக்கும் இடைவெளி அளந்துக்கிட்டு இருந்தாங்க. நம்மளுக்கும் அதே. காருக்கு ரெண்டு பக்கமும் சேசிஸுக்கு இணையா நூல் இழுத்துக் கட்டி, சக்கர விளிம்பின் முன் முனையும் பின் முனையும் நூலிலிருந்து எவ்வளவு தூரம்னு பார். பின் சக்கரங்களில் வலதும் இடதும் ஒத்துப்போகணும், அதுதான் முக்கியம். ஒரு பக்கம் 3 டிகிரியும் மறுபக்கம் 2 டிகிரியும் இருந்தா, இந்தப் பக்கத்தின் முதல் கேள்விக்கே திரும்பிப் போயிடுவோம்.

ஏப்ரல் 21

வெள்ளிக்கிழமை ஓட்டுப்போட்டு வந்த விரல் மையோட இன்னைக்கு ஷாக் பிரிச்சேன். எது மை, எது கிரீஸ்னு தெரியலை.

வெயில் வேலையைக் காட்டுது. காலை எட்டு மணிக்கு ஓடற கார் பதினோரு மணிக்கு வேற கார். பாள இணைப்புகளில் ஊத்தியிருக்கற தார் இளகி டயரில் ஒட்டுது. அதில் மணல் ஒட்டுது. ஷாக் எண்ணெய் நீர்த்துப்போகுது, சிலிகான் எண்ணெய்க்கு அது கம்மிதான், ஆனா இல்லாம இல்லை. மார்கழியில் 400 போட்ட இடத்தில் இப்ப 500. டிஃப்பும் (வளைவில் ரெண்டு பக்கச் சக்கரமும் வேற வேற வேகத்தில் சுத்த விடற பல்சக்கரப் பெட்டி) இளகிடுது. டிடி-02-வின் டிஃப் எண்ணெய் ஊத்தி மூடற ஜாதி இல்லை, ஒழுகும். முன் டிஃப்பில் கெட்டி கிரீஸை அப்பி வச்சிருந்தேன், பின்னாடி சாதா கிரீஸ். வெயிலில் அந்தக் கெட்டியும் கொஞ்சம் விட்டுக் கொடுத்துடுது.

மோட்டாரையும் தொட்டுப் பாருங்க. கிட்டில் வர்ற 22 பல் பினியனும் (மோட்டாரில் மாட்டற சின்னப் பல்சக்கரம்) 70 பல் ஸ்பரும் (அது சுத்தி விடற பெரிய பல்சக்கரம்) சேர்ந்தா, உள்ளே இருக்கற மத்த பல்சக்கரங்களையும் சேர்த்துக் கடைசி விகிதம் 8.27. வேகத்துக்கு ஆசைப்பட்டு பினியனைப் பெரிசாக்கினவங்க வெயில் காலத்துக்கு பழசுக்கே திரும்புங்க. விரல் வச்சு மூணு எண்ண முடியலைன்னா அது ரொம்ப சூடு.

ஏப்ரல் 22

பங்காளி: "டயர் மேல தார் ஒட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. ஆக, டயர்."

பதில் இல்லை.

ஜூன் 30

தம்பி மறுபடி வந்திருக்கான். அதே கேள்வி: "அண்ணா, இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுது. ஆனா ரெண்டு பக்கமும் வளைவிலிருந்து வெளியே வரும்போது, ஆக்சிலேட்டர் கொடுத்தா பின்னாடி லேசா வீசுது. ஸ்பிரிங் சிவப்பா, நீலமா?"

இப்பத்தான் அது ஸ்பிரிங் கேள்வி. ரெண்டு பக்கமும் ஒரே குணம், வளைவின் ஒரே இடம். இப்ப கேட்கலாம்.

ஆனாலும் வாங்கறதுக்கு முன்னாடி காசில்லாத ரெண்டு விஷயம் பார்த்துடு. பின்னாடி சக்கரத்தைப் பிடிச்சிருக்கற மேல் கையில் உள் பக்கத்து பால் ஸ்டட் (உருண்டைத் தலை ஆணி) அடியில் ஒரு மில்லிமீட்டர் வாஷர் போடு. மேல் கை கீழ்க் கைக்கு இன்னும் இணையா வரும், பின்பக்க ரோல் சென்டர் (கார் எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அது) இறங்கும், பின்னாடி கொஞ்சம் அதிகமா சாயும், வழுக்கற தரையில் பிடி கூடும். வாஷர் போட்டதும் கேம்பர் மாறியிருக்கும், மறுபடி ஒண்ணரை டிகிரிக்கு கொண்டு வா. அதை மறந்துட்டு "வாஷர் வேலை செய்யலை"ன்னு சொல்றவங்கதான் பாதிப் பேர். நான் உட்பட. அது போதலைன்னா வாஷரை எடுத்துட்டு, முன் ட்ரூப்பை (காரைத் தூக்கினா சக்கரம் கீழே தொங்கற அளவு) கொஞ்சம் கூட்டு. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மூக்கு எழும்பி பாரம் பின்னாடி போக இடம் கிடைக்கும். ரெண்டையும் ஒரே நாளில் செய்யாதே.

அப்பவும் வீசினா பின்னாடி இப்ப இருக்கறதை விட ஒரு படி இளக்கமான ஸ்பிரிங். நிறத்தை நம்பாதே, டப்பாவுக்கு டப்பா, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். கையில் ரெண்டையும் எதிரெதிரா முட்ட வச்சு அமுக்கு, எது முதலில் சுருங்குதோ அதுதான் இளக்கம்.

ஜூலை 2

வாஷரோட நின்னுடுச்சாம். ஸ்பிரிங் வாங்கலை. மிச்சக் காசில் டயர் வாங்கியிருக்கான், நாலும் ஒரே ரகம். பங்காளிக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

ஜூலை 17 ஆடி ஒண்ணு. அதுக்கடுத்து வர்ற ஞாயிறு 21. மண்டபத்து மேனேஜரிடம் பேசியாச்சு, காலை ஆறரைக்கு கேட் திறப்பார். கோன் யாரிடம் இருக்குன்னு தெரியலை, போன தடவை எடுத்துட்டுப் போனவர் கொண்டு வாங்க. கண்ணாடி நான் எடுத்துட்டு வர்றேன். பேட்டரியை மாட்டிட்டு வரிசையில் வாங்க.